மூன்று மடிப்பையும் பிரித்தவன் எழுதுவது

பாப்பா, உன் கல்யாண ஜாக்கெட்டை இன்று காலையில்தான் வெட்டினேன். முழங்கைக்குக் கீழே இறங்குகிற மாதிரி கை வேண்டும் என்று வேலை பார்க்கிற ஊரிலிருந்து செல்லில் சொல்லியிருந்தாய். இந்தக் காலத்துப் பெண்கள் எல்லாம் கையை ஏற்றி ஏற்றித் தைக்கச் சொல்லும்போது உங்கள் பெண் மட்டும் ஏன் இறக்கிக் கேட்கிறாள் என்று கடையில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். "அதுதாங்க இப்ப பேஷன்" என்று சொல்லி வைத்தேன். எனக்குத் தெரியாதா? இடது முழங்கையில் இருக்கிற அந்த வளைவு மணவறையில் நாலு பேர் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான். இடது கைக்குத் தனியாக அளவு போட்டு வெட்டினேன். முப்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவன் நான், அந்தத் துணியில் கத்தரி வைக்கும் முன்னால் நாலு தடவை அளந்து பார்த்தேன். வெட்டி முடித்துவிட்டு மெஷினை மூடினேன். இனிமேலும் தள்ளிப் போட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கை எப்படி வளைந்தது என்று ஊருக்கே தெரியும். பதினொரு வயதில், சுண்ணாம்புக்கல் மைன்ஸில் தோண்டிய மண்ணைக் கொட்டி வைத்த அந்த மைன்ஸ் மேட்டில் ஓடும்போது பாவாடை தடுக்கி விழுந்தாய். அந்தப் பாவாடையை அவ்வளவு நீளத்துக்கு இறக்கச் சொன்னது உன் அம்மா என்றுதான் இந்தப் பத்து வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் சொல்லவில்லை. போன வாரம் நீ பேசும்போது, "அரியலூர்ல நாங்க பாத்திருக்கிற வூடு சின்னதுப்பா, நீங்க எப்ப வேணா வாங்க, அம்மா வந்து தங்குறதெல்லாம் வேண்டாம்" என்றாயே, அப்போது அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். இந்தப் பாழாய்ப் போன செல்லில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். புடைத்து முடித்த உளுந்தை மறுபடியும் முறத்தில் அள்ளிப் போட்டுப் புடைத்தாள். நீ தாலி கட்டிக்கொண்டு போகும்போது உன் அம்மாமேல் இந்தக் கசப்பை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கசப்பு இருக்கட்டும், ஆனால் அது யார்மேல் இருக்க வேண்டுமோ அவன்மேல் இருக்கட்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

நான் படித்தது ஏழாவது வரைக்கும்தான். ஆனால் கிழிசல் படிப்பதில் செந்துறை வட்டாரத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. காலையில் கடைக்கு வருகிற கால்சட்டையையும் பாவாடையையும் பார்த்தே, முந்தின நாள் சாயங்காலம் எந்தப் பிள்ளை எங்கே விளையாடியது என்று சொல்லிவிடுவேன். பின்பக்கம் தேய்ந்து வெள்ளையாக இருந்தால் மைன்ஸ் மேட்டில் சிமெண்ட் சாக்கைப் போட்டுச் சறுக்கியிருக்கிறான். நீளமாக, ஒரே இழுப்பில் கிழிந்திருந்தால் கருவேல முள். பாக்கெட்டின் அடி அறுந்திருந்தால் ஓடை, அங்கே கல்லாய்ப் போன நத்தைகளைப் பொறுக்கிப் பாக்கெட் கொள்ளாமல் அடைத்திருப்பான். கழுவினாலும் போகாத கறுப்புக் கறை இருந்தால் முந்திரிக்காடு, உடையவனிடம் அடியும் வாங்கியிருப்பான். தொடை ஓரத்தில் தையல் விட்டிருந்தால் ஏரி, அதாவது கிளித்தட்டு. அந்த ஆட்டத்தில் எட்டி வைக்கிற எட்டுக்கு எந்தத் தையலும் தாங்காது. "இந்தப் பய மறுபடியும் தபால்பெட்டி ஆக்கிக்கிட்டு வந்து நிக்கிறான்ணே" என்று ஒரு தாய் பின்பக்கம் பொத்தலான கால்சட்டையைத் தூக்கி எறிவாள். "லெட்டர் ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே என்னையும் சேர்த்துத் திட்டுவாள். அப்படி ஓடிய காலம் அது.

அப்போதெல்லாம் எனக்கு ஒரே பிரமிப்பு. பெரியவர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் கூட வேண்டுமென்றால் தண்டோரா போட வேண்டியிருக்கிறது, அப்படியும் இரண்டு பேர்தான் வருகிறார்கள். இந்தப் பொடிசுகள் நாற்பதும் யாரும் சொல்லாமல் ஒரே இடத்தில் போய்ச் சேருமே, எப்படி? கடை வாசலில் மெஷினைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காகப் பார்த்தேன். காலையில் பள்ளிக்கூடச் சுவருக்கு மேற்கே நிழல் இருக்கும், அங்கே ஆடுவார்கள். மத்தியானம் கழிந்தால் கிழக்கே. கடலை பிடுங்கிய கொல்லையில் அடுத்த ஏர் ஓட்டும்வரை பதினைந்து நாள் கிடைக்கும், அந்தப் பதினைந்து நாளும் கொல்லை அவர்களுடையது. பள்ளிக்கூடத்துத் திடலுக்குக் குறுக்கே மைன்ஸ் லாரிக்குப் பாதை போட்டார்கள். ஒரு பிள்ளைகூட அழவில்லை, புகார் சொல்லவில்லை. மறுநாளே திடலைவிட்டு ஏரிக்கு இடம் மாறிவிட்டார்கள், ஆத்து வெள்ளம் மேட்டைக் கண்டு ஒதுங்கிப் போகிற மாதிரி. இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்பிள்ளைகள் இருந்தால், அந்தக் குழந்தையை இறக்கி உட்கார வைக்க நிழலும் மணலும் இருக்கிற இடமாகப் பார்த்து மொத்தக் கூட்டமும் நகரும். அந்தக் கருணையை யார் கற்றுக் கொடுத்தது அவர்களுக்கு? அடேயப்பா, எத்தனை கணக்கு அந்தச் சின்ன மண்டைக்குள்ளே என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

அதிலும் ஏரி. எங்கள் அப்பா பண்ணையாளாக இருந்த காலத்தில் ஊர்த் திடலில் எங்கள் தெருப் பிள்ளைகள் கால் வைக்க முடியாது. பந்து உருண்டு அந்தப் பக்கம் போனால் போனதுதான். நானே அப்படி இரண்டு பந்தைத் தொலைத்திருக்கிறேன். ஆனால் ஏரி வற்றினால் அது யாருடைய இடமும் இல்லை. நஞ்சை உடையவனுக்கும் அது வேண்டாம், ஆடு மேய்க்கிறவனுக்கும் புல் முளைக்கும்வரை வேண்டாம். வெடித்துக் காய்ந்த கரம்பை மண்ணைப் பிள்ளைகள் காலாலேயே மிதித்து மிதித்துச் சிமெண்ட் களம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தெரு, இந்தத் தெரு எல்லாம் அங்கே ஒன்றாக ஆடியது. யார் தோளில் யார் கை என்று தெரியாது. நான் பிறந்ததிலிருந்து பார்க்காத ஒன்றை ஊர்ப் பெரியவர்கள் யாரும் செய்யவில்லை, ஒரு தண்ணீர் இல்லாத ஏரி செய்தது.

நீ விழுந்த வருஷத்துப் புரட்டாசியில் ஒரு நாள் பட்டன் வாங்க அரியலூர் போய்விட்டுத் திரும்பினேன். பஸ் பஞ்சராகிப் போனதால் ஏரிக்குள்ளே இறங்கிக் குறுக்கு வழியில் நடந்து வந்தேன். பிள்ளைகள் சத்தம் கேட்டது. கிளித்தட்டுக் கட்டம் போட்டிருந்தார்கள். கோட்டுக்குக் கோடு ஒருவன் மறித்து நிற்கிறான், அத்தனை பேரையும் ஏய்த்துத் தாண்டி அந்தக் கடைசிக்குப் போய்த் திரும்ப வேண்டும். நடுக் கட்டத்தில் ஒரு பிள்ளை நின்றது. இடது பக்கம் போகிற மாதிரி தோளை மட்டும் காட்டியது. மறித்தவன் அந்தப் பக்கம் பாய்ந்தான். பிள்ளை வலது பக்கம் போய்விட்டது. அடுத்த கோட்டில் உடம்பை வில்லாக வளைத்து, அவன் விரல் முதுகுக்கு ஒரு அரிசி தூரத்தில் வர, நழுவியது. யாரு வூட்டுப் புள்ளடா இது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நீ! ஆத்தாடி, நான் தைத்த பாவாடைக்குள்ளே இப்படி ஒரு பிள்ளையா இருந்தது? வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டால் "இரு வரேன்" என்று அரை மணி நேரம் ஆக்குகிறவள் நீ. அங்கே உன் காலில் யாரோ சாமி வந்து இறங்கியிருந்தது. கடைசிக் கோட்டைத் தாண்டி நீ திரும்பிக் கத்தினாய் பார், அந்தக் கத்தலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பட்டன் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே நின்றேன். உன்னிடம் வரவில்லை. வந்திருந்தால் ஆட்டம் நின்றுவிடும் என்று மெதுவாகக் கரை ஏறிப் போய்விட்டேன்.

இங்கேதான் உன் அப்பன் எப்படிப்பட்ட ஆள் என்று நீ பார்க்க வேண்டும். அந்தச் சந்தோஷம் எனக்கு நாலு நாள் நிலைக்கவில்லை. நம் சொந்தத்திலேயே ஒருவர், உனக்கு மாமா முறை, இப்போது உயிரோடு இல்லை, பேண்ட் அளவு கொடுக்க வந்தார். டேப்பை அவர் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தேன். "மச்சான், ஒன் பொண்ணு அந்தத் தெருப் பயலுவள எல்லாம் தோக்கடிக்குதாமே" என்றார். நான் பெருமையாகச் சிரித்தேன். "சிரிக்காத. பாவாடையத் தூக்கிச் செருவிக்கிட்டு ஓடுதாம். வயசு பதினொண்ணு ஆச்சுல்ல. நாளைக்கு அவனுவ வூட்டுப் பெரியவனுவ ஒரு சொல்லு சொன்னா ஒன்னால தாங்க முடியுமா, இல்ல நம்ம தெருவால தாங்க முடியுமா?" என்றார். டேப்பில் நான் பார்த்த எண் எனக்கு மறந்துபோனது. மறுபடியும் அளந்தேன், மறுபடியும் மறந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்து வளர்ந்த ஊர் அப்படி. ஆனால் நீ ஓடியதை என் கண்ணால் பார்த்தவன் நான். அவர் காதால் கேட்டதுக்கு நான் என் கண்ணை விட்டுக்கொடுத்தேன்.

உன்னிடம் நேராக "ஏரிக்குப் போகாதே" என்று சொல்லியிருக்கலாம். அதற்குத் துணிச்சல் வேண்டும். நீ "ஏன்ப்பா?" என்று கேட்பாய், என்னிடம் சொல்ல ஒரு நியாயமும் இல்லை. எனக்குத் தெரிந்தது தையல். வளரும் பிள்ளைக்குப் பாவாடை தைத்தால் அடியில் மூன்று மடிப்பு வைத்துத் தைப்போம், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு ஒரே பாவாடை ஓடும். நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாள் உன்னுடைய இரண்டு பாவாடையிலும் மூன்று மடிப்பையும் ஒரே மூச்சில் பிரித்தேன். மூன்று வருஷத்தை ஒரு மத்தியானத்தில் பிரித்தேன். அது போதாதென்று ஓரத்தில் கனமாக ஒரு பட்டியும் அடித்தேன், தூக்கிச் செருகினால் நிற்கக் கூடாது என்று. உலகத்தில் எந்தத் தகப்பனும் வேலி போடுவான், கதவைப் பூட்டுவான். நான் தையல்காரன், உன் இடுப்பிலேயே பூட்டைக் கட்டினேன்.

சாயங்காலம் வந்து கட்டிக்கொண்டாய். கரண்டைக்காலைத் தாண்டி மண்ணில் புரண்டது. "என்னப்பா இது, காலத் தட்டுது? யாரு எறக்கச் சொன்னா?" என்று கேட்டாய். பாப்பா, நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். உன் அம்மாவுக்கு அந்தப் பாவாடை விஷயம் அந்த நிமிஷம்வரை தெரியாது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள், பாவாடையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். ஒரு ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. "நாந்தான் சொன்னேன். பெரிய புள்ளயாட்டம் இரு. இனிமே ஏரிப் பக்கம் போன, கால ஒடிச்சிடுவேன்" என்றாள். நீ அவளைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பார்வை என்மேல் விழ வேண்டியது. நான் குனிந்து, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பாபினுக்கு நூல் சுற்ற ஆரம்பித்தேன்.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்தது. ஏரியில் தண்ணீர் நின்றதும் பிள்ளைகள் மைன்ஸ் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். அம்மா போகக் கூடாது என்றது ஏரிக்குத்தானே, மேட்டுக்கு இல்லையே என்று நீயும் போனாய். கெட்டிக்காரி. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, உச்சியிலிருந்து ஓடி இறங்கும்போது அந்தப் பட்டி உன் கால் கட்டை விரலில் சிக்கியது. நாலு பிள்ளைகள் உன்னைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார்கள். அதில் இரண்டு பேர் அந்தத் தெருப் பயல்கள். அழுதுகொண்டே வந்தார்கள். ஒரு லாரி டிரைவர் தன் பக்கத்தில் இடம் கொடுத்து அரியலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். முழங்கை மூட்டிலேயே நொறுங்கியிருக்கிறது, கட்டுப் பிரித்தாலும் கை முழுக்க நீளாது என்று டாக்டர் சொன்னார். லாரியில் போகும்போது என் மடியில் கிடந்து நீ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "எல்லாம் அம்மாவாலதாம்ப்பா." உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? தடவிக் கொடுத்துக்கொண்டே வந்தேன், பாவி.

வீட்டுக்கு வந்த பிறகு, நீ தூங்கினதும், உன் அம்மாவிடம் சொன்னேன், "நாளைக்கு அவகிட்ட உண்மையச் சொல்லிப்புடுறேன்" என்று. "வேணாங்க" என்றாள். "என்னைய வெறுத்தா பரவால்ல. பசிச்சா எங்கிட்டதான் வந்தாவணும். உங்கள வெறுத்துட்டா அவ திரும்பி வர வழியே கெடையாது." எனக்கு அது வசதியாக இருந்தது. வசதியாக இருந்தது என்பதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அவள் கணக்கும் தப்பிப் போயிற்று. பசித்தபோது நீ அவளிடம் போகவில்லை. ஒற்றைக் கையால் நீயே சட்டியை நகர்த்தி, நீயே போட்டுத் தின்னக் கற்றுக்கொண்டாய். கட்டுப் போட்ட கையோடு நீ சோறு போடுவதை அவள் அடுப்படி மூலையில் நின்று பார்ப்பாள். கரண்டியை நீட்டினால் வாங்க மாட்டாய். அவள் பேசினால் "ம்" என்பாய். பத்து வருஷமாக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அந்த "ம்" மட்டும்தான்.

இதோடு முடிந்திருந்தால்கூட என் வீட்டுப் பாவம் என்று விட்டிருப்பேன். உன் பாவாடை இறங்கினதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தாயாகக் கடைக்கு வந்தார்கள். "ஒங்க பொண்ணுக்கு எறக்கினாப்ல எங்க பொண்ணுக்கும் எறக்கிக் குடுங்கண்ணே, ஓட்டம் அடங்கட்டும்." எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒருத்தியிடமாவது சொல்லியிருப்பேனா? அடுத்த சித்திரையில் ஏரி வற்றியது. கிளித்தட்டுக் கட்டம் போட்டார்கள். போய்ப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை இல்லை. லாரியால் முடியாததை, முள்ளால் முடியாததை, முந்திரிக்காட்டுக்காரன் கம்பால் முடியாததை ஒரு கத்தரி நுனி செய்து முடித்திருந்தது. பிள்ளைகள் எதைக் கண்டும் வழி கண்டுபிடித்துப் போவார்கள் என்று வியந்து திரிந்தேனே, அவர்களால் சுற்றிக்கொண்டு போக முடியாத ஒன்று உண்டு. அது பெற்றவர்களுடைய வெட்கம். வெட்கம் என்று பெயர், உள்ளே இருப்பது பயம். ஊரில் எல்லாரும் உன்னை "வூடு தங்குற புள்ள" என்று மெச்சினார்கள். உன் துணி கிழிந்து தைக்க வருவதே நின்றுபோனது. மற்றவன் வீட்டில் துணி கிழியாவிட்டால் சந்தோஷம். நான் உன் துணியைத் துவைத்துக் காயப்போட்டால், அதில் ஒரு முள் கீறலாவது இருக்காதா என்று கொடியில் திருப்பித் திருப்பித் தேடுவேன்.

நீ புகுந்த வீடு போகிறாய், உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. என்றாலும் இவ்வளவு சொல்கிறேன். உன் புருஷன் எப்போதாவது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் உன் பக்கம் திரும்பிப் பார்த்தால், உன் அம்மா செய்ததை நீ செய்யாதே. "நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிடு. உனக்குப் பிள்ளை பிறந்து, எங்கே விடுவது, எங்கே விடக்கூடாது என்று கவலை வரும்போது, தடுக்கும் முன்னால் ஒரு நாள் அது தெரியாமல் பின்னால் போய்ப் பார். அது எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, ஏன் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று பார். லாரி வருகிற இடமாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வா, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எது லாரி, எது ஊர் வாய் என்று பிரித்துப் பார்த்துவிட்டு இழு. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

இப்போது நான் சொல்லப் போவது எனக்கே போன வாரம்தான் தெரியும். நீ போனை வைத்தபின் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தவளிடம் போய் உட்கார்ந்தேன். "இந்தா புள்ள, இனிமே தாங்காது, அவளுக்கு எழுதிடுறேன்" என்றேன். முறத்தைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அவ ஓடுறத நீங்க ஒரு நாளுதான் பாத்தீங்க. நான் தெனமும் பாத்தேன். களை வெட்டிட்டு வர்றப்ப களக்கொத்தக் கீழ வச்சுட்டு ஏரிக்கர மேல பனைக்குப் பின்னால நிப்பேன். அவ ஒவ்வொரு கோடா தாண்ட தாண்ட எனக்கு இங்க காலு பரபரங்கும். எங்கூட்ல நான் தலச்சன்ங்க. அஞ்சு தம்பி தங்கச்சி. எப்பவும் இடுப்புல ஒண்ணு உக்காந்திருக்கும். ஓடணும்னா அத எங்க எறக்கி வக்கிறது? நான் ஓடி வெளாண்டதே கெடையாது. அவளப் பாக்குறப்ப நானே அத்தனையும் வெளாண்டாப்ல இருந்துச்சு." சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பத்து வருஷமாக ஒருத்தியின் ஓட்டத்தை நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாப்பா. நான் நிறுத்தியது இரண்டு பேரை. அதில் ஒருத்தி, தன் ஆட்டத்தையும் என் கத்தரிக்குக் கொடுத்துவிட்டு, "நாந்தான் சொன்னேன்" என்று உன் முன்னால் வந்து நின்றிருக்கிறாள். எப்பேர்ப்பட்ட மனுஷியோடு இருபத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது, கூசவும் செய்கிறது.

வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்குவாய். எப்போதும் நேரே கடைக்கு வந்து என்னோடு டீ குடித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் என்னோடுதான் வீட்டுக்கு நடப்பாய். இந்தத் தடவை கடைக்கு வராதே. இதைப் படித்தபின் என் மூஞ்சியில் முழிக்கவே உனக்குப் பிடிக்காமல் போகலாம். திரும்பி வர வழியே கிடையாது என்று அவள் சொன்னது என் விஷயத்தில் பலித்தாலும் பலிக்கட்டும், அது எனக்கு வர வேண்டியதுதான். நீ நேரே வீட்டுக்குப் போ. நான் எழுதினேன் என்று சொல்லாதே, கால்மாட்டில் விழுந்து அழாதே, அவளுக்கு அதெல்லாம் பிடிக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா, பசிக்குது, சோறு போடு" என்று மட்டும் கேள். "நாலு மணிக்கு என்னாடி சோறு?" என்று கத்துவாள். கத்திக்கொண்டே தட்டைக் கழுவுவாள். நீயாக எதையும் எடுத்துப் போட்டுக்கொள்ளாதே, அவள் போடட்டும். போதும் என்று சீக்கிரம் சொல்லாதே. நீ தின்று முடித்து எழுந்திருக்கும்வரை நான் கடையை அடைக்க மாட்டேன்.